மழையோடு வந்த டீச்சர்

தாராவி 90 அடி ரோட்டில் ஜூன் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் நீலத் தார்ப்பாய் விற்கும் கடையில் கூட்டம். பக்கத்தில் நோட்டுப் புத்தகம் விற்கும் கடையிலும் கூட்டம். மும்பையில் மழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 10, 11 வாக்கில். பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் 15-ஐ ஒட்டி. கூரைக்கும் பிள்ளைக்கும் ஒரே வாரத்தில் செலவு. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே வாரத்தில் ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறவர்களும் உண்டு. வேலை தேடி வரும் வாலிபர்கள் ஒரு பக்கம். கல்யாணமாகி வரும் பெண்கள் ஒரு பக்கம். அந்தப் பெண்களில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஒருவர் கதையாகச் சொன்னாலும் இதில் பலருடைய அனுபவம் கலந்திருக்கிறது. தாராவியில் 'டீச்சர்' என்றால் போதும். கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரும்பு ஏணி

இவர் தென்காசிப் பக்கம். நாகர்கோவில் - மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். கணவருக்கு மஸ்ஜித் பந்தர் பகுதியில் ஒரு கிளியரிங் ஏஜென்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை. கல்யாணத்துக்கு முன்பு அவர் நாலு நண்பர்களோடு ஒரு கோலியில் இருந்தார். குடும்பம் வருகிறது என்றதும் அண்ணாச்சி ஒருவர் வீட்டு மாடியைப் பிடித்தார்.

மாடி என்றால் ஊர் மாடி அல்ல. கீழே அண்ணாச்சி குடும்பம். வெளிச்சுவரோடு சாய்த்து நிறுத்திய இரும்பு ஏணி. அதில் ஏறினால் மேலே ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டு இருக்கலாம். மூலையில் ஒரு சாண் உயரத் திண்டு கட்டி, குழாய் இல்லாத 'மோரி'. தண்ணீர் விடியற்காலையில் வரும். கீழே பிடித்து, குடம் குடமாக ஏணியில் ஏற்றி, நீல டிரம்மில் நிரப்ப வேண்டும். கக்கூசுக்குத் தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே வரிசை.

முதல் நாள் ஏணியைப் பார்த்ததும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சேலை கட்டிக்கொண்டு, கையில் குடத்தோடு, மழையில் அந்த ஏணியில் ஏறுவது ஒரு வித்தை. எதிர் வீட்டு ஆச்சிதான் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

"முதல்ல செருப்பைக் கழத்திப் போடு. வெறுங்காலு வழுக்காது. கொசுவத்தைத் தூக்கி இடுப்புல சொருவிக்க. கீழ பாக்காத. முப்பது வருஷமா ஏறி இறங்குதேன், எனக்கு என்ன ஆச்சி?"

ஒரு மாதத்தில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குச் சுடிதார் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். ஊரில் மாமியாருக்குச் சொல்லவில்லை.

வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். 1999-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதை எழுத்தில் எழுதிப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஆனால் தாராவி மாடிகளில் வாய்ப்பேச்சுதான் அதிகம். பேச்சில் நாணயம் இருக்கும். ஆனால் பேச்சைக் கொண்டுபோய்ப் பாங்கியில் காட்ட முடியாது. முகவரிக்கு ஒரு காகிதம் இல்லாமல் காஸ் இணைப்பு வாங்குவது பெரும்பாடு. டீச்சர் வீட்டில் முதல் நாலு மாதம் 5 கிலோ சின்ன சிலிண்டரில்தான் அடுப்பு எரிந்தது.

சம்பளம் எவ்வளவு?

வேலை கிடைத்தது ஒரு தனியார் பள்ளியில். தமிழர் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளி. மூன்றாம் வகுப்பு. பகல் ஷிப்டு. பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் ஐந்தரைக்கு விடும். இடப் பற்றாக்குறையால் காலையில் பெரிய வகுப்புகளும் பகலில் சின்ன வகுப்புகளும் அதே அறைகளில் நடக்கின்றன. மும்பையில் இது சகஜம்.

சம்பளத்தைக் கேட்டால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வாடகை போக மிஞ்சுவது பால் பாக்கிக்குச் சரியாக இருக்கும். 'டீச்சர் வேலை என்றால் கைநிறையச் சம்பளம்' என்று பெண் பார்க்கும்போது பேசியவர்கள் அரசுப் பள்ளியை மனத்தில் வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

அங்கேயும் எடுத்த எடுப்பில் முழுச் சம்பளம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் 2000-ஆம் ஆண்டு 'சிக்ஷண் சேவக்' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேரும் ஆசிரியர் முதல் மூன்று ஆண்டு மதிப்பூதியத்தில் வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் முறையான சம்பளம். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஆரம்பத்தில் மாதம் 3,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை, 2023-இல் 16,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் டீச்சருக்குத் தனியார் பள்ளியில் கிடைப்பது அதைவிடவும் குறைவு.

மகளையோ மருமகளையோ ஆசிரியர் வேலைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் படிப்புதான் தகுதி; பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பி.எட். பெரிய படிப்பு, அதனால் சின்ன வகுப்புக்கும் செல்லும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் பலர். நம் டீச்சர் படித்தது பட்டயப் படிப்பு. அந்த மட்டில் தப்பித்தார்.

சிட்சை

முதல் நாள் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். அத்தனை பேரும் தமிழ்ப் பிள்ளைகள்தானே, பேச்சில் சிரமம் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனார். நாற்காலியில் உட்காருவதற்குள் முதல் புகார் வந்தது.

"டீச்சர், இவன் மஸ்தி பண்ணுதான்!"

பண்ணுதான் என்பது திருநெல்வேலி. மஸ்தி என்பது எந்த ஊர்? குறும்பு என்று பிறகுதான் தெரிந்தது. 'பானி வந்துட்டு', 'ஜல்தி போவணும்', 'கிட்கியைச் சாத்து' என்று ஐம்பது வாயிலும் இதே தமிழ். தாத்தா கொண்டுவந்த நெல்லைத் தமிழும் தெருவில் ஓடும் இந்தியும் பிசைந்த பேச்சு. பயிற்சிப் பள்ளியில் இதற்குப் பாடம் கிடையாது.

அடுத்த குழப்பம் ஆசிரியர்கள் அறையில். மராத்தி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நரைத்த தலை, கனிவான முகம். மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயப் பாடம் என்று 2020-இல் சட்டம் வந்தபின் அவருக்கு வேலை கூடிவிட்டது. அவர் நம் டீச்சரை 'பாயி' என்று கூப்பிட்டார். மராத்தியில் ஆசிரியையை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஆனால் டீச்சர் வந்த பத்து நாளில் அந்த வார்த்தையைக் கேட்டது அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்களைக் கூப்பிடும்போதுதான். முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வாரம் அந்த அம்மாளோடு சரியாகப் பேசவில்லை. விஷயம் தெரிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள்தான் டீச்சருக்கு மராத்தி வாத்தியார்.

அவரிடம் கற்ற முதல் வார்த்தைகள் வேடிக்கையானவை. மராத்தியில் 'சுட்டி' என்றால் விடுமுறை. நமக்குச் சுட்டி என்றால் சுட்டிப் பிள்ளை. ஆபீஸ் போகும் நம் குமாஸ்தாக்களுக்கு இந்தியில் 'தப்தர்' என்றால் ஆபீஸ். மராத்திப் பிள்ளைக்கோ முதுகில் மாட்டும் புத்தகப் பை. எல்லாவற்றையும்விட விசேஷம் 'சிக்ஷா'. இந்தியில் அதற்குக் கல்வி என்று பொருள். மராத்தியில் தண்டனை! நம் சிட்சையும் தண்டனைதான். வேதாகமம் வாசிக்கும் நெல்லைச் சீமை வீடுகளில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அந்தச் சொல் டீச்சருக்கு வேறு விதமாக ஞாபகம் வந்தது.

மூன்றாவது பெஞ்சுப் பையன்

மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். வருகை தவறாது. கணக்கில் கெட்டி. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கிவிடுவான். அடக்கமான தூக்கம் அல்ல. வாயைத் திறந்து, தலை பெஞ்சில் இடிக்கிற தூக்கம். பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் கெட்டுப்போகும்.

முதல் வாரம் டீச்சர் எழுப்பிவிட்டார். இரண்டாவது வாரம் முகம் கழுவிவரச் சொன்னார். மூன்றாவது வாரம் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டார். நின்றபடியே தூங்கி விழப் போனான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பையன் அழவில்லை. இறங்கி உட்கார்ந்து, பை மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. டீச்சர் அதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்தான். புது வேலை, கத்தும் வகுப்பு, நனைந்த துணி, இரவெல்லாம் தார்ப்பாயில் மழை கொட்டும் சத்தம். சட்டம் அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வரவில்லை. இப்படிச் சொல்வது அவர் செய்ததை நியாயப்படுத்த அல்ல.

அந்த வாரக் கடைசியில் காஸ் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெயும் இல்லை. ஆச்சி சொன்னார்: "நம்ம சந்துல திரும்பினா இட்லிக்காரங்க வீடுதான். விடியக்காலம் போனா சூடா வாங்கிட்டு வரலாம்."

தாராவி இட்லியைத் தெரியாத மும்பைத் தமிழர் இல்லை. நகரத்தின் பல மூலைகளிலும் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளிலும் தலைச்சுமையிலும் வரும் இட்லி, பெரும்பாலும் தாராவிச் சந்துகளில் அவிந்ததுதான். மாவு முந்தின நாளே ஆட்டியாக வேண்டும். இரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் துணி விரித்து அடுக்கி, சட்னியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டால்தான் ஆபீஸ் போகிறவர்கள் கையில் சேரும்.

டீச்சர் போனபோது மணி நாலரை. ஆவி மண்டிய அறை. ஒரு பக்கம் அம்மா தட்டிலிருந்து இட்லியை எடுத்துப் போடுகிறாள். இன்னொரு பக்கம் சின்னப் பையன் ஒருவன் குத்துக்காலிட்டு, சட்னிப் பைகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நூறு பை இருக்கும். தலையைத் தூக்கினான். மூன்றாவது பெஞ்சுப் பையன்.

எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றான்.

அம்மாவுக்குக் கை ஓடவில்லை. இட்லிக்குக் காசு வாங்க மறுத்தாள். "பிள்ள நல்லாப் படிக்கானா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் 'கணக்கில் கெட்டிக்காரன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஏணியில் ஏறும்போது அன்றைக்குக் கால் நிதானப்படவில்லை என்று பிறகு கணவரிடம் சொன்னாராம்.

திங்கட்கிழமை அவர் செய்தது சின்னக் காரியம். முதல் மணியில் இருந்த மொழிப் பாடத்தை இரண்டு மணிக்குத் தள்ளினார். இரண்டு மணிக்கு இருந்த கணக்கை முதலுக்குக் கொண்டுவந்தார். பையன் விழித்திருக்கும் நேரத்தில் கணக்கு. தூங்கும் நேரத்தில் கதை. இருபது நிமிஷம் அவன் தூங்கினால் யாரும் எழுப்புவதில்லை. கதையை மறுநாள் பக்கத்துப் பையன் அவனுக்குச் சொல்ல வேண்டும். அது அந்தப் பையனுக்குப் பேச்சுப் பயிற்சி. பயிற்சிப் பள்ளிக் குறிப்பேட்டில் இந்த முறைக்குப் பெயர் இருக்குமா என்று தெரியாது.

அதன் பிறகு மற்றப் பிள்ளைகளின் வீடுகளையும் பார்க்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை நாலு வீடு. தோல் பட்டறையில் பை தைப்பவர், பிளாஸ்டிக் தரம் பிரிப்பவர், துறைமுகக் கூலி, ஆபீஸ் பியூன். ஒரு பெண் பிள்ளை வீட்டுப்பாடமே எழுதாமல் வந்ததற்குக் காரணம் வீட்டில் தெரிந்தது. ஒரே விளக்கு. அதன் அடியில் இரவு பத்து மணி வரை அப்பாவின் தையல் மிஷின்.

அலை அட்டவணை

ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பரீட்சை மாதங்கள். துணி காயாது. பருப்பில் பூஞ்சை. நோட்டுப் புத்தகத்தில் மை ஊறிப் பரவும். வெள்ளம் வந்தால் தாராவிக்கு ஒரு பக்கம் மித்தி ஆறு, இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கும் சயான்.

2005 ஜூலை 26-ஐ மறந்தவர் இங்கே யாரும் இல்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவாயிற்று. திருநெல்வேலிச் சமவெளியில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். அன்று பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பலர் இரவு அங்கேயே தங்கினார்கள்.

அந்தக் கதையை டீச்சருக்குச் சொன்னதும் மராத்தி ஆசிரியைதான். கூடவே ஒரு பாடமும் சொன்னார். மழைக்காலத்தில் செய்தித்தாளை எடுத்ததும் முதலில் கடல் ஏற்ற நேரத்தைப் பார்க்க வேண்டும். அலை நாலரை மீட்டருக்கு மேல் எழும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால், ஓடைத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. திரும்பித் தெருவுக்கு வரும். அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது. தென்காசியில் குற்றாலச் சாரலைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் ஏறி இறங்கும் நேரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இன்னொன்றும் அந்த அம்மாள் சொன்னார். பையில் எப்போதும் மாற்று உடை ஒன்று வைத்துக்கொள் என்றார். 1848-இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே, தெருவில் தம்மீது சாணியும் மண்ணும் எறிவார்கள் என்று பையில் ஒரு மாற்றுச் சேலை எடுத்துப் போவார் என்பது மராத்திப் பிள்ளைகள் அறிந்த கதை. "நமக்கு மழைத் தண்ணிதானே!" என்று சிரித்தார். செப்டம்பர் 5-இல் நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணனுக்கு எடுக்கிற விழாவைப் போலவே ஜனவரி 3-இல் சாவித்திரிபாய் பிறந்த நாளையும் இங்கே பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் டீச்சர் மராத்தியில் நாலு வரி பேசினார். எழுதிக் கொடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீங்களும் போயிருவீங்களா?"

பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வாசல்தோறும் பானை வைத்தார்கள். புகையில் கண் எரிந்தது. டீச்சரின் பானைக்கு வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் சுற்றி நின்று குலவையிட்டார்கள். கணவர் அன்று ஒரு சேதி வைத்திருந்தார்.

டோம்பிவிலியில் ஆபீஸ் நண்பர் மூலம் ஒரு வீடு அமைந்திருக்கிறது. ஓர் அறை, தனியாகச் சமையலறை, உள்ளேயே கக்கூசு, குழாயில் தண்ணீர். வாடகையும் இப்போது கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. பதிவு செய்த ஒப்பந்தம். மே மாதம் குடி போகலாம்.

போகாமல் இருக்கவும் முடியாத நிலைமை. தாராவியில் புனரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை தொடங்கியதிலிருந்து சந்துக்குச் சந்து இதே பேச்சு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு ஒரு கணக்கு. பிறகு வந்தவருக்கு ஒரு கணக்கு. மாடியில் இருப்பவருக்கு வேறு கணக்கு. மாடியில் வாய்ப்பேச்சு வாடகைக்கு இருப்பவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். அண்ணாச்சியே சொல்லிவிட்டார்: "எனக்கே என்னாவுமோ தெரியல. நீங்க நல்ல இடமாப் பாத்துக்கிடுங்க."

"டோம்பிவிலியிலயும் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கேயே கேட்டா இதே சம்பளம் தருவாங்க. நீ எதுக்கு சயான் வரைக்கும் ரயில்ல தொங்கணும்?" என்றார் கணவர்.

அவர் சொல்வதில் தப்பில்லை. டோம்பிவிலியிலிருந்து சயானுக்கு ஸ்லோ வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பகல் ஷிப்டு என்பதால் போகும்போது உட்கார இடம் கிடைக்கலாம். ஆனால் பள்ளி விட்டுத் திரும்பும் நேரம் மாலைக் கூட்டம். லேடீஸ் பெட்டியில் ஏறுவதே யுத்தம். சம்பளத்தில் ஒரு பங்கு ரயில் பாஸுக்குப் போகும். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும்போது எட்டு மணி.

ஊரிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் சொன்னார். "வீடுதாம்மா முக்கியம். பள்ளிக்கூடம் எங்க வேணாலும் கெடைக்கும்."

டீச்சர் பதில் சொல்லவில்லை. பிப்ரவரி போயிற்று. மார்ச்சு போயிற்று. எப்படியோ செய்தி வகுப்புக்குள் வந்துவிட்டது. தாராவியில் ஏணி மேல் பேசினால் கீழே கேட்காதா? ஒரு நாள் மத்தியானம் கதை நேரத்தில், வீட்டுப்பாடம் எழுதாத அந்தத் தையல்காரர் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நீங்களும் போயிருவீங்களா?"

"யாரு சொன்னா?"

"போன வருஷம் ரெண்டு டீச்சர் போயிட்டாங்க. ஒருத்தங்க தீவாளி சுட்டிக்குப் போனாங்க, வரவே இல்ல."

'நீங்களும்' என்ற அந்த ஒரு வார்த்தையில் விஷயம் எல்லாம் இருந்தது. சின்னத் தனியார் பள்ளிகளில் ஆசிரியர் நிலைத்து நிற்பதில்லை. இருபது ரூபாய் கூடக் கிடைத்தாலும் அடுத்த பள்ளிக்கு மாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சம்பளத்தில் யாருக்கும் குடித்தனம் ஓடாது. ஆனால் ஒரு வருஷத்தில் மூன்று டீச்சரைப் பார்த்த பிள்ளைக்கு, மூன்று தடவை முதல் பாடத்திலிருந்து ஆரம்பம். இரண்டு மணிக்குத் தூங்கும் பையன் மூன்று தடவை பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். அவன் ஏன் தூங்குகிறான் என்பது போகிறவரோடு போய்விடும்.

அன்று டீச்சர் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னார் என்றால், 'கதையைக் கேளு' என்றார். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஸ்லோ வண்டி

மே மாதம் டெம்போவில் சாமான் ஏறிற்று. நீல டிரம்மை ஆச்சிக்குக் கொடுத்தாயிற்று. ஆச்சி ஏணியின் அடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டோம்பிவிலி வீட்டில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்ததை டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். காஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டார்கள். ஒப்பந்தக் காகிதம் இருந்ததால் கேள்வியே இல்லை.

வீட்டிலும் ஓர் ஏற்பாடு ஆயிற்று. மாலைச் சமையலில் சோறு கணவர் பொறுப்பு. அவர் ஆபீஸ் ஆறு மணிக்கு விடும். வண்டி பிடித்தால் மனைவிக்கு முன்பே வீட்டில் இருக்கலாம். குழம்பு காலையிலேயே வைத்துவிடுவது. "ஒரு வருஷம் பாப்போம்" என்றார் அவர். ஊரில் மாமியாருக்கு இதையும் சொல்லவில்லை.

ஜூன் 15-ஐ ஒட்டிப் பள்ளி திறந்த நாள். மழை இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. டீச்சர் அவசரத்தில் டோம்பிவிலியில் பாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டார். பாஸ்ட் வண்டி சயானில் நிற்காது என்பது குர்லா தாண்டிய பிறகுதான் உறைத்தது. சயான் பிளாட்பாரம் ஜன்னல் வழியாக ஓடி மறைந்தது. தாதரில் இறங்கி, பாலம் ஏறி, எதிர்ப்பக்கம் வரும் ஸ்லோ வண்டியைப் பிடித்துத் திரும்பி வர வேண்டியதாயிற்று. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். பள்ளி வாசலுக்கு ஓடி வந்தபோது மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. உடை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையில் மாற்று உடை இருந்தது.

மூன்றாம் வகுப்பு வரிசையில் புது முகங்கள் நின்றன. பக்கத்தில் நாலாம் வகுப்பு வரிசை. தையல்காரர் மகள் அந்த வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, பின்னால் திரும்பி யாரிடமோ சொன்னாள்: "வந்துட்டாங்கலே!"

இப்போது மாலையில் சயானில் ஏறும் அந்த வண்டியின் லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், பஜனை பாடுகிறவர்களுக்கு நடுவே மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டு ஒருவர் வருகிறார். முலுண்டு வரை நின்றுகொண்டு. தானேயில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து. நாலாம் வகுப்பு டீச்சரும் புதிது. அவருக்கு மூன்றாவது பெஞ்சுப் பையனின் விஷயத்தை முதல் நாளே சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் தாராவிக்கு வந்து வீடு பார்ப்பது முடியாத காரியம் என்பதால், சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் இரண்டு வீடு. இந்த ஆண்டு வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆச்சி வீட்டில் அன்று காப்பி.